எல்லாம் நின்றுபோனால் எங்கே போகும்? – இறக்கை வைத்த நீர்மூழ்கி எனக்குக் கற்பித்த பாடம்

“சார், மனுசன் தண்ணியில மிதப்பான்னு நீங்கதான சொன்னீங்க?”

மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த ஏழாம் வகுப்பு மாணவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பக்கத்தில் நின்ற அவனுடைய பாட்டி, “வாத்தியாரய்யாவ அப்படிக் கேக்காதடா” என்று அதட்டினார். நான் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பகுதி வானம் பார்த்த கரிசல் பூமி. பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி, கொத்தமல்லி ஆகியவைதான் எங்கள் வெள்ளாமை. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்மாய் நிறைவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் திருவிழா. எங்கள் தாத்தா காலத்துப் பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகினார்கள். இன்று கிணறுகள் வற்றிப்போய் ஆழ்துளைக் குழாய்கள் வந்துவிட்டன. ஆகவே இப்போதைய பிள்ளைகளில் பலருக்கு இடுப்பளவுத் தண்ணீரே புதிது.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில் நல்ல மழை பெய்து எங்கள் கண்மாய் மறுகால் பாய்ந்தது. மண் அள்ளிய பள்ளம் ஒன்று தண்ணீருக்குள் மறைந்திருந்தது. கரையோரம் நடந்துபோன அந்த மாணவன் அதற்குள் இறங்கிவிட்டான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்து, தொரட்டியை நீட்டி இழுத்துப் போட்டார். அதனால் பிழைத்தான்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்தான் அடர்த்தி பாடம் நடத்தியிருந்தேன். நீரைவிட அடர்த்தி குறைந்த பொருள் மிதக்கும், கூடிய பொருள் மூழ்கும். கட்டை மிதக்கும், கல் மூழ்கும். “மனித உடலின் அடர்த்தி நீரைவிடச் சற்றே குறைவு, எனவே மனிதன் மிதப்பான்” என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். அலகுத் தேர்வில் அவன் முழு மதிப்பெண் வாங்கியவன்.

நான் எழுதியது தவறில்லை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடிப் போனபோதுதான் இறக்கை வைத்த நீர்மூழ்கியைச் சந்தித்தேன். அது என் பாடத்தை எப்படி மாற்றியது என்பதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மிதப்பதும் மூச்சு விடுவதும் வேறு வேறு

முதலில் பாதி உண்மையை முழுமையாக்குவோம். மூச்சை நிறைய இழுத்து வைத்திருக்கும்போது நம்மில் பலருடைய உடலின் சராசரி அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறக்குறைய 98 விழுக்காடு இருக்கும். மூச்சை வெளியே விட்டால் அது நீருக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ ஆகிவிடும்.

30 கிலோ எடையுள்ள சிறுவனை எடுத்துக்கொள்வோம். நெஞ்சு நிறையக் காற்றோடு அவன் உடலின் கனஅளவு ஏறத்தாழ 30.6 லிட்டர். மிதப்பதற்கு அவன் 30 லிட்டர் நீரை இடம்பெயரச் செய்ய வேண்டும். ஆக, நீருக்கு வெளியே இருக்கக்கூடியது 0.6 லிட்டர் மட்டுமே. அது மூன்று தம்ளர் அளவு. ஒரு தலையின் கனஅளவே இதைவிடப் பல மடங்கு. எனவே அவன் “மிதக்கிறான்” என்பது உண்மைதான், ஆனால் மூக்கும் வாயும் நீருக்குள் இருக்கும்படி மிதக்கிறான். பயத்தில் இரண்டு கைகளையும் தூக்கி அலறினால் அந்த மூன்று தம்ளரையும் கைகளே எடுத்துக்கொள்ளும், தலை கீழே போய்விடும். அலறும்போது மூச்சும் வெளியேறுகிறது. அத்துடன் மிதப்பும் போய்விடுகிறது.

இந்தக் கணக்கை நான் வகுப்பில் போட்டிருக்க வேண்டும். “மிதக்குமா, மூழ்குமா” என்று கேட்டு நிறுத்திவிட்டேன். “மிதந்தால் எவ்வளவு வெளியே இருக்கும்? முயற்சி எல்லாம் நின்றுபோனால் எங்கே போகும்?” என்று கேட்கவில்லை.

இரண்டாவது கேள்வியைத் தன் தொழிலின் முதல் கேள்வியாக வைத்திருப்பவர்கள் நீர்மூழ்கிகளை வடிவமைக்கும் பொறியாளர்கள்.

கீழே போக ஒரு வழி: கனமாவது

மறுவாரம் வகுப்பில் ஒரு கேள்வியோடு தொடங்கினேன். “தண்ணீருக்குள் கீழே போக என்ன செய்யணும்?”

“கல்லைக் கட்டிக்கணும் சார்” என்றாள் ஒரு மாணவி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் சொன்னது நம் மண்ணின் பழைய பொறியியல். எங்கள் ஊரிலிருந்து மதுரை–தூத்துக்குடி சாலையைப் பிடித்தால் நூறு கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். அந்த மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள், கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்துத்தான் கீழே இறங்கினார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். சிப்பிகளை அள்ளிய பின் குளியாள் கயிற்றை அசைத்துச் சைகை காட்டினால் அவரையும் இழுப்பார்.

கனமாகி இறங்கு, கனத்தை விட்டுவிட்டு ஏறு. இதுவே பெரும்பாலான நீர்மூழ்கிகளின் தத்துவம். கடற்படை நீர்மூழ்கி தன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி இறங்குகிறது. அழுத்தக் காற்றால் அந்த நீரை வெளியே தள்ளி ஏறுகிறது. ஆழ்கடல் ஆய்வு மூழ்குகலங்கள் இரும்பு எடைகளைச் சுமந்து இறங்கி, அவற்றைக் கடலடியில் விட்டுவிட்டு ஏறுகின்றன. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் பசிபிக் பெருங்கடலின் மிக ஆழமான பள்ளத்தைத் தொட்ட ‘திரியெஸ்த்’ கலமும் இப்படித்தான் இறங்கி ஏறியது. அதன் மேற்பகுதி பெட்ரோல் நிரப்பிய பெரிய மிதவை. பெட்ரோல் நீரைவிட அடர்த்தி குறைந்தது, அழுத்தத்தில் நசுங்கியும் போகாது.

இன்று இதே வேலையைச் சென்னையில் செய்கிறார்கள். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ‘சமுத்திரயான்’ திட்டத்தின்கீழ் ‘மத்ஸ்யா 6000’ என்னும் கலத்தை உருவாக்கி வருகிறது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்வது நோக்கம். 2025 ஜனவரி, பிப்ரவரியில் சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். வழக்கமான பணி நேரம் 12 மணி. ஆபத்து நேர்ந்தால் 96 மணி நேரம் உயிர்காக்கும் ஏற்பாடு உண்டு. இதற்குப் பயிற்சியாக 2025 ஆகஸ்டில் இரண்டு இந்தியர்கள் பிரான்ஸ் நாட்டின் ‘நோட்டீல்’ கலத்தில் அட்லாண்டிக் கடலில் இறங்கினார்கள். ஒருவர் 4,025 மீட்டரும் மற்றவர் 5,002 மீட்டரும் சென்று திரும்பினார்கள்.

கீழே போக இன்னொரு வழி: பறப்பது

வகுப்பில் இதுவரை சொன்னதும் ஒரு மாணவன் கேட்டான், “எடை கழலாமச் சிக்கிக்கிட்டா என்ன சார் ஆகும்?”

நல்ல பொறியாளர் கேட்கும் கேள்வி அது. அதனால்தான் எடையைக் கழற்ற ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை வைக்கிறார்கள். ஆனால் கிரஹாம் ஹாக்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் வேறு திசையில் யோசித்தார். பல ஆழ்கடல் கலங்களை வடிவமைத்து, பின்னர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறியவர் அவர். கனமாகவே ஆகாமல் கீழே போக முடியாதா என்பது அவருடைய கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தவைதான் ‘டீப் ஃப்ளைட்’ வரிசைக் கலங்கள். 1996-ல் வந்த முதல் கலத்தில் ஓட்டுநர் ஒருவர் குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டினார். பின்னர் வந்த ‘சூப்பர் ஃபால்கன்’ கலத்தில் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரலாம். தலைக்கு மேல் ஒளி ஊடுருவும் குமிழ்க் கூரை, பக்கவாட்டில் இறக்கைகள், பின்னால் மின்கலத்தால் சுழலும் உந்தி. பார்ப்பதற்கு ஒரு சிறிய போர் விமானம் போலவே இருக்கும்.

இந்தக் கலம் எப்போதும் நீரைவிடச் சற்றே இலேசாக இருக்கும். தொட்டியில் நீர் நிரப்புவதும் கிடையாது, எடை கட்டுவதும் கிடையாது. சும்மா விட்டால் மேற்பரப்பில் மிதக்கும். ஆனால் இறக்கைகள் தலைகீழ். விமானத்தின் இறக்கை காற்றில் முன்னேறும்போது விமானத்தை மேலே தூக்குகிறது. இந்த இறக்கை நீரில் முன்னேறும்போது கலத்தைக் கீழே அழுத்துகிறது. உந்தி ஓடும்வரை, கலம் முன்னே போகும்வரை, ஆழத்தில் இருக்கலாம். மின்கலம் தீர்ந்தாலோ உந்தி நின்றாலோ ஓட்டுநர் மயங்கினாலோ இறக்கையின் விசை இல்லாமல் போகும். அப்போது மிதப்பு விசை வென்று, கலம் தானாக மேலே வந்துவிடும்.

எல்லாம் நின்றுபோனால் எங்கே போகும்? காற்றுள்ள இடத்துக்குப் போகும். வடிவமைப்பே அதற்கு உறுதி தருகிறது. அந்த நொடியில் யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை.

“அப்படின்னா ஏரோப்ளேன்ல எல்லாம் நின்னா கீழ விழும், இது நின்னா மேல விழும், அப்படித்தான சார்?” என்றான் ஒருவன். “மேலே விழும்” என்ற அந்தச் சொல்லையே பாடத் தலைப்பாகக் கரும்பலகையில் எழுதினேன்.

இவ்வளவு சிறிய இறக்கை எப்படிப் போதும் என்றும் கேட்டார்கள். நீரின் அடர்த்தி காற்றைப்போல் 800 மடங்குக்கும் மேல். இறக்கையின் தூக்கு விசை, பாய்மத்தின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. எனவே காற்றில் மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகம் தருவதை, நீரில் சைக்கிள் வேகமே தந்துவிடும். மேல்நிலை வகுப்புக்கு ஒரு கணக்குத் தரலாம். 1 சதுர மீட்டர் இறக்கை, வினாடிக்கு 3 மீட்டர் வேகம், தூக்குக் குணகம் 0.5, கடல்நீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 1,025 கிலோ. விசை = ½ × 1,025 × 3² × 1 × 0.5, அதாவது ஏறக்குறைய 2,300 நியூட்டன். இது சுமார் 235 கிலோ எடைக்குச் சமம். இதே இறக்கை இதே வேகத்தில் காற்றில் 300 கிராம் எடையைக்கூடத் தூக்காது.

செய்து பார்த்தோம்

ஊர்ப் பொதுவில் மாடுகள் நீர் குடிக்கும் நீளமான சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. முழங்கால் ஆழம்தான். அதுவே எங்கள் கடல். தொட்டி இல்லாத பள்ளிகள் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் போலத் தோண்டித் தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம். எங்கள் பகுதியில் தண்ணீரைக் கொட்டிவிட முடியாது. செயல்பாடு முடிந்ததும் பள்ளி வேப்பங்கன்றுகளுக்கு ஊற்றிவிடலாம்.

தேவையானவை: மூடியுள்ள அரை லிட்டர் நெகிழிப் பாட்டில், மணல், பழைய நெகிழிக் கோப்பு அட்டை, ரப்பர் பட்டைகள், மூன்று மீட்டர் நூல்.

முதல் படி: பாட்டிலில் மணலைச் சிறிது சிறிதாகப் போட்டு, மூடி, நீரில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். பாட்டிலின் முதுகு மட்டும் வெளியே தெரியும் அளவில் நிறுத்த வேண்டும். இதுதான் “சற்றே இலேசு”. இந்த அளவைப் பிடிக்க எங்கள் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரு கரண்டி மணல் கூடினால் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மிதப்புக்கும் மூழ்கலுக்கும் இடையே எவ்வளவு மெல்லிய கோடு என்பதை என் விளக்கத்தைவிட அந்தக் கரண்டி நன்றாகப் புரியவைத்தது.

இரண்டாம் படி: அட்டையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பாட்டிலின் நடுப்பகுதியில் குறுக்காக ரப்பர் பட்டையால் கட்ட வேண்டும். அட்டையின் முன்விளிம்பு சற்றே கீழே சாய்ந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: பாட்டிலின் கழுத்தில் நூலைக் கட்டி, நீர்மட்டத்தை ஒட்டிச் சீராக இழுக்க வேண்டும். இழுக்கும்போது பாட்டில் நீருக்குள் இறங்கும். நிறுத்தியதும் மேலே வரும்.

எங்களுக்கு முதல் முயற்சியில் வரவில்லை. ஒரு குழுவினர் அட்டையைச் சாய்வின்றிக் கட்டியதால் பாட்டில் மேலேயே ஓடியது. இன்னொரு குழுவினர் பாட்டிலின் வாலில் கட்டினார்கள். வால் அழுந்தி மூக்கு மேலே எழும்பிவிட்டது. மூன்றாவது குழுவின் பாட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டமடித்தது. அவர்கள் அட்டையின் இரு பக்கங்களையும் அளந்து பார்த்து, ஒரு பக்கம் நீண்டிருப்பதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். நான்காவது முறை ஒரு பாட்டில் ஒரு சாண் ஆழம் இறங்கி, நூலை விட்டதும் “டபக்” என்று மேலே வந்தபோது எழுந்த கூச்சலைக் கேட்டு, தண்ணீர் குடிக்க வந்த மாடு திரும்பிப் போய்விட்டது.

அழுத்தம் என்னும் அடுத்த கேள்வி

இறக்கைக் கலத்தைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் மறுபடியும் பாதி உண்மை சொன்னவனாவேன். அதற்கும் எல்லைகள் உண்டு.

முன்னே போனால்தான் ஆழத்தில் இருக்க முடியும் என்பதால், ஓரிடத்தில் அசையாமல் நின்று கடலடியிலிருந்து ஒரு கல்லை எடுக்கும் வேலைக்கு அது ஏற்றதல்ல. பார்க்க, படமெடுக்க, சுறாவோடும் திமிங்கிலத்தோடும் கூடவே போக ஏற்றது. ‘சூப்பர் ஃபால்கன்’ வகையின் இரண்டாம் வடிவம் ஏறக்குறைய 120 மீட்டர் ஆழத்துக்கே வடிவமைக்கப்பட்டது. மத்ஸ்யாவின் வேலை வேறு. அது கடலடியில் நின்று கனிம முடிச்சுகளையும் உயிரினங்களையும் ஆராய வேண்டும். அதற்கு எடையைச் சுமந்து இறங்கும் முறையே பொருந்தும்.

ஆழம் கூடினால் அழுத்தம் கூடும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். எங்கள் ஊரின் பழைய கிணறு 60 அடி. அது நிறைந்திருந்தால் அடியில் நீரினால் மட்டும் இரண்டு வளிமண்டல அழுத்தத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 6,000 மீட்டரில் 600 வளிமண்டலம். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் 600 கிலோ. “உன் கட்டைவிரல் நகத்தின் மேல் 50 கிலோ அரிசி மூட்டை 12 அடுக்கியிருக்கு” என்றேன். எல்லோரும் தங்கள் நகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

இறக்கையோடு மிக ஆழமான பள்ளத்துக்கே போகும் முயற்சியும் நடந்தது. சாகசப் பயணி ஸ்டீவ் ஃபாசெட்டுக்காக ‘டீப் ஃப்ளைட் சேலஞ்சர்’ என்ற கலத்தை ஹாக்ஸின் குழு உருவாக்கியது. 2007-ல் ஃபாசெட் விமான விபத்தில் இறந்தார். 2011-ல் வேறொரு நிறுவனம் அதே கலத்தில் ஐந்து பெருங்கடல்களின் அடியையும் தொடப்போவதாக அறிவித்தது. அந்தப் பயணம் நடக்கவே இல்லை. மேலே வரும் வழி உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, கூடு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 2023 ஜூனில் டைட்டானிக் கப்பலைப் பார்க்கச் சென்ற ‘டைட்டன்’ கலத்தின் கார்பன் இழைக் கூடு நசுங்கி ஐந்து பேர் இறந்த செய்தி நம் மாணவர்களும் அறிந்ததே.

ஆகவேதான் மத்ஸ்யாவின் கூடு கோளம். அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் வடிவம் அது. 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியம் உலோகக்கலவையால் ஆனது. விட்டம் 2.1 மீட்டர். பத்தாம் வகுப்புக் கணக்கு ‘அளவியல்’ பாடத்தில் வரும் உள்ளீடற்ற கோளத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

2.1 மீட்டரை உள்விட்டமாகக் கொள்வோம். உள் ஆரம் 1.05 மீட்டர், வெளி ஆரம் 1.13 மீட்டர். கோளம் இடம்பெயர்க்கும் கனஅளவு ஏறக்குறைய 6.04 கனமீட்டர். அந்தக் கடல்நீரின் நிறை 6.2 டன். கூட்டின் உலோகக் கனஅளவு 1.195 கனமீட்டர். டைட்டானியக் கலவையின் அடர்த்தி கனமீட்டருக்கு 4.43 டன் என்றால் கூட்டின் நிறை 5.3 டன். ஆக மிச்சம் 0.9 டன். இவ்வளவு தடித்த உலோக உருண்டை வெறுமையாக விட்டால் மிதக்கும்! ஆனால் மூன்று மனிதர்களும் கருவிகளும் மின்கலங்களும் கேமராக்களும் அந்த 0.9 டன்னை எளிதில் தின்றுவிடும். எனவேதான் கண்ணாடி நுண்குமிழிகளைப் பிசினில் கலந்து வார்த்த மிதவைக் கட்டிகளை வெளியே பொருத்துகிறார்கள். அந்தச் சிறுவனின் மூன்று தம்ளர் கணக்கும் இதுவும் ஒன்றே என்று என் மாணவர்கள் தாங்களே சொன்னார்கள். மத்ஸ்யாவுக்கும் மனிதனுக்கும் கையிருப்பு மிகக் குறைவு.

கடலில் பறக்கும் இறக்கை, கரிசலில் பெய்யும் மழை

“இதெல்லாம் நமக்கு எதுக்கு சார்? நம்ம ஊர்ல கடலா இருக்கு?” என்று ஒருவன் கேட்டான். கேட்காவிட்டால்தான் வியப்பு.

ஆள் இல்லாத இறக்கைக் கலங்கள் உண்டு. அவற்றைக் கடல் கிளைடர் என்பார்கள். ஆளுயர அளவுதான். உந்தி கிடையாது. உள்ளிருக்கும் எண்ணெயை வெளியே உள்ள ஒரு பைக்குத் தள்ளினால் கனஅளவு கூடி மிதக்கும். திரும்ப உள்ளே இழுத்தால் கனஅளவு குறைந்து மூழ்கும். இரண்டு மூன்று தம்ளர் எண்ணெய்தான் வித்தியாசம். ஏறும்போதும் இறங்கும்போதும் இறக்கைகள் அந்த இயக்கத்தின் ஒரு பகுதியை முன்னோக்கித் திருப்புகின்றன. இப்படி ஏறி இறங்கியே மாதக்கணக்கில் செல்லும். 2009-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து கிளைடர் ஒன்று 221 நாட்களில் அட்லாண்டிக் கடலைக் கடந்து ஸ்பெயினை அடைந்தது.

2016-ல் தென்மேற்குப் பருவமழையை ஆராய இந்திய, பிரிட்டன் விஞ்ஞானிகள் சென்னையிலிருந்து ‘சிந்து சாதனா’ ஆய்வுக் கப்பலில் புறப்பட்டு, வங்காள விரிகுடாவில் இத்தகைய கிளைடர்களை இறக்கினார்கள். அவை கடலின் ஆழத்தில் வெப்பத்தையும் உப்பையும் அளந்தன. காரணம், மழை மேகத்துக்கு வேண்டிய ஈரமும் வெப்பமும் கடலின் மேலடுக்கிலிருந்தே கிடைக்கின்றன. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றும் அதே வங்காள விரிகுடாவைத் தாண்டித்தான் வருகிறது. நம் கண்மாய் நிறையுமா என்ற கேள்வியின் பதிலில் ஒரு பகுதி அந்தக் கடலுக்குள் இருக்கிறது. அதைத் தேடி இறக்கைகள் நீருக்குள் போகின்றன.

கேட்டவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அது நம்ம ஊருக்குத்தான் வேல பாக்குது” என்றான்.

வகுப்புக்கு ஏற்றபடி

தொடக்க வகுப்புகளில்: மூடிய காலிப் பாட்டில், பாதி மணல் நிரப்பிய பாட்டில், முழுதும் நிரப்பிய பாட்டில் மூன்றையும் நீரில் விட்டு, “எவ்வளவு வெளியே தெரிகிறது?” என்று விரலால் அளக்கச் செய்யலாம். மிதக்கும், மூழ்கும் என்ற இரண்டு பெட்டிகளோடு நிறுத்த வேண்டாம்.

6 முதல் 8 வரை: இறக்கைப் பாட்டில் செயல்பாடு. ஒவ்வொரு குழுவும் தோல்வியுற்ற முயற்சிகளையும் எழுதிவைக்க வேண்டும். அழுத்தத்துக்கு, பாட்டிலின் பக்கத்தில் வெவ்வேறு உயரத்தில் துளையிட்டு நீர் பாயும் தொலைவை அளக்கலாம்.

9, 10 வகுப்புகளில்: ‘பாய்மங்கள்’ பாடத்தோடு மூன்று தம்ளர் கணக்கும், ‘அளவியல்’ பாடத்தோடு மத்ஸ்யா கோளக் கணக்கும். நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 6,000 மீட்டர் போக எவ்வளவு நேரம்? 12 மணி நேரப் பணியில் கடலடியில் வேலை செய்ய எவ்வளவு மிஞ்சும்? இவற்றை மனக்கணக்காகக் கேட்கலாம்.

மதிப்பீட்டுக்கு ஒரே வினா போதும்: மிதிவண்டி, விமானம், கப்பல், நீர்மூழ்கி, இறக்கை நீர்மூழ்கி, நீச்சல் தெரியாத மனிதன். எல்லாம் நின்றுபோனால் ஒவ்வொன்றும் எங்கே போகும்? ஏன்?

கண்மாய்க் கரையில்

கடைசி வகுப்பைக் கண்மாய்க் கரையில் வைத்துக்கொண்டோம். பெற்றோர் சிலரும், தொரட்டி நீட்டிய அந்தப் பெரியவரும் வந்திருந்தார்கள். கையில் மூடியுள்ள 10 லிட்டர் காலிக் கேன் ஒன்றும் நீளமான கயிறும் எடுத்துப்போனோம்.

“இந்தக் கேனுக்கு எவ்வளவு மிதப்பு?” என்றேன். பத்து லிட்டர் நீரை இடம்பெயர்க்கும், ஆகவே பத்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்றார்கள். “தண்ணீருக்கு வெளியே தலையைத் தூக்கி வைக்க எவ்வளவு வேண்டும்?” தலை நாலைந்து கிலோ. ஆக, ஒரு கேன் போதும். மாணவர்களே கணக்குப் போட்டு ஓர் உயிரின் விலையைக் கண்டார்கள். வெறும் கேன் காற்றில் தள்ளாடும் என்பதால், உள்ளே ஒரு தம்ளர் நீர் விட்டு, மூடியை இறுக்கி, கைப்பிடியில் கயிற்றைக் கட்டி, குறிபார்த்து எறியப் பழகினோம்.

பின்பு நான்கு விதிகளை எல்லோரும் சேர்ந்து சொன்னோம். ஒன்று, சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடு. 108-க்குச் சொல்லச் சொல். இரண்டு, கம்பு, துண்டு, சேலை எது கிடைத்தாலும் கரையில் படுத்துக்கொண்டு நீட்டு. மூன்று, கேனை எறி. நான்கு, நீ இறங்காதே. நீரில் விழுந்தவனுக்கு ஒரு விதி: கையைத் தூக்காதே, மல்லாந்து படு, மூச்சை நெஞ்சில் பிடி.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நாங்க அந்தக் காலத்துல சொரக்குடுக்கைய முதுகுல கட்டினோம். நீங்க அதுக்குக் கணக்கு கண்டுபிடிச்சிருக்கீங்க” என்றார். இறக்கைக் கலத்தின் தத்துவமும் அந்தச் சுரைக்குடுக்கையின் தத்துவமும் ஒன்றுதான். நம் முயற்சி தோற்றாலும் நம்மைக் காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுவரும் ஒன்றை முன்கூட்டியே கட்டி வைத்துக்கொள்வது.

அந்த மாணவன் இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறான். மருத்துவமனையில் அவன் கேட்ட கேள்விக்கு அன்று பதில் சொல்லாமல் வந்தேன். கரையில் வைத்துச் சொன்னேன்: “மிதப்பான்னு சொன்னது சரிதான்டா தம்பி. மூக்கு எங்க இருக்கும்னு சொல்லாமப் போனது என் தப்பு.”

ஐப்பசிக்கு முன் உங்கள் பள்ளியிலும் இந்தப் பாடத்தை நடத்திவிடுங்கள். கண்மாய்க் கரையின் வேப்பமரத்தில் ஒரு கேனும் கயிறும் தொங்கட்டும். எங்கள் ஊரில் தொங்குகிறது.